மொட்டைக் கடிதத்துக்கு ஒரு கையெழுத்து

அத்தியாயம் ஒன்பது

எட்வேட் தன் ஐம்பத்தொரு வயதுக்குள் ஒரேயொரு மொட்டைக் கடிதம்தான் எழுதியிருக்கிறார். அந்த ஒன்றுக்குத் தீர்ப்புச் சொல்லும் குழுவிலேயே அவரைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். உட்கார வைத்தது வேறு யாருமில்லை, கட்டின மனைவி மக்டலீன்.

கடந்த வாரங்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மக்டலீன் நோர்வேயில், மோர்டென்ஸ்ருட் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தின் நூலகப் பொறுப்பாளர். அந்த நூலகத்துக்குக் 'கடைசிப் பெட்டி' என்று ஒரு நோர்வேஜிய நாவல் வந்து சேர்ந்தது. எழுதியவர் புனைபெயரில் ஒளிந்துகொண்டிருந்தார். கதையில் ஒரு தமிழ்ப் பெண்பிள்ளை தகப்பனுக்குப் பொய் சொல்லிவிட்டுத் தோழிகளோடு மலைக்குப் போகிறாள். தகப்பனோ ரி-பான என்ற நகர மெட்ரோ ரயிலை ஓட்டுகிற ஓர் அப்பாவி. நிஜ வாழ்க்கையில் ரி-பான ஓட்டுகிற நம் எட்வேட் அதை நாற்பத்து மூன்றாம் பக்கம் வரைக்கும் வாசித்தார். அதற்கு மேல் பொறுக்கவில்லை. பேனையை எடுத்தார், அதுவும் இடது கையால்.

எழுத்தைக் கண்டுபிடித்துவிடக் கூடாதல்லவா! தடிமன், மூக்கடைப்பு என்று சொல்லி ஞாயிறு பூசைக்குப் போகாமல் வீட்டில் நின்று, சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதினார். மேசையின் மறுபாதியில் மக்டலீனின் மடிக்கணினி மூடிக் கிடந்தது. இரண்டு குளிர்காலமாக அதில் அவள் நூலக ஆண்டறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு பள்ளிக்கூட நூலகத்தைப் பற்றி அவ்வளவு எழுத என்ன இருக்கிறது என்று எட்வேட் கேட்டதே கிடையாது. அவரவர் வேலை அவரவருக்கு.

"மாண்புமிகு நூலகப் பொறுப்பாளர் அம்மணி அவர்களுக்கு" என்று சொந்த மனைவியையே விளித்து, "இப்படிக்கு, மனம் நொந்த பெற்றோர் பலர்" என்று முடித்தார். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலை நடப்பதும் அதே கட்டடத்தில்தான். ஆகவே இருநூறு பெற்றோரில் யாரென்று தேடுவார்கள்? அடுத்த சனிக்கிழமை புத்தகம் திருப்பிப் போடும் பெட்டிக்குள் கடிதத்தைப் போட்டுவிட்டு, நல்ல பிள்ளையாக வீட்டுக்கு வந்துவிட்டார்.

மக்டலீன் பயந்துபோய்ப் புத்தகத்தை ஒளித்துவிடுவாள் என்பது அவர் போட்ட கணக்கு. அவளுக்கோ தலைகால் புரியாத சந்தோசம்.

"இஞ்சாருங்கோ, இப்பிடி ஒரு கடிதத்துக்குத்தான் நான் காத்திருந்தனான்," என்றாள். "ஒன்பதாம் வகுப்புக்குப் புத்தகத் தடை பற்றிப் படிப்பிக்கோணும். வேறை நாட்டுக் கதையளைச் சொன்னாப் பிள்ளையள் கொட்டாவி விடுதுகள். இது எங்கடை பெட்டிக்குள்ளையே விழுந்திருக்கு!"

அந்த ஒன்பதாம் வகுப்பில்தான் அவர்களின் ஒரே மகள் கரோலினாவும் படிக்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலை பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்த எட்வேட்டின் தலையில் அடுத்த இடி விழுந்தது. விசாரணைக் குழுவில் பெற்றோர் பிரதிநிதியாக இருக்கச் சம்மதித்த சந்திரசேகரனுக்கு அலுவலகத்தில் திடீர்க் கூட்டமாம். சந்திரசேகரன் தமிழ்நாட்டிலிருந்து வந்த கணினிக்காரர். அவர் மகள் அக்ஷயாவும் கரோலினாவின் வகுப்புத்தான்.

"நீங்கள் இண்டைக்கு லீவுதானே. வாங்கோ," என்றாள் மக்டலீன்.

"நானோ? நான் உந்தப் புத்தகத்தை வடிவா வாசிக்கேல்லையே."

"அது இன்னும் நல்லம். பக்கச்சார்பு இருக்காது."

எட்வேட் பாணைத் தட்டில் வைத்தார்.

"வேறை ஒரு கதையும் இருக்கு," என்று குரலைத் தாழ்த்தினாள். "எங்கடை அதிபர், றெக்டர் டோர்ஹில்ட், இண்டைக்கு மூண்டு மணிக்குப் புத்தகத்தை எடுத்துப் பின்னறையிலை வைக்கப் போறாவாம். தமிழ்ப் பெற்றோற்றை மனம் நோகக் கூடாதாம். தடை இல்லையாம், சும்மா கொஞ்ச நாளைக்கு உள்ளுக்கை வைக்கிறதாம். கொஞ்ச நாள் எண்டால் எத்தினை நாள்? பின்னறைக்குப் போன ஒரு புத்தகமும் நான் அறியத் திரும்பி வந்ததில்லை."

சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனாள். கழுவின கோப்பையையே திரும்பக் கழுவினாள். அவள் வருத்தப்பட்டால் அப்படித்தான். தான் எழுதிய இரண்டு பக்கம் இவ்வளவு தூரம் போகுமென்று எட்வேட் நினைக்கவில்லை. ஆனால் "நான்தான்" என்ற சொல் மட்டும் வெளியே வர மறுத்தது.

*

நூலகத்தில் இருபத்தாறு பிள்ளைகள். முன்வரிசை மேசையில் விசாரணைக் குழு: கரோலினா, அக்ஷயா, ஸிவெர்ட் என்ற நெட்டைப் பையன், இவர்களோடு பெற்றோர் பிரதிநிதி எட்வேட். வகுப்பு நடந்தது நோர்வேஜிய மொழியில். நாம் தமிழிலேயே கேட்போம்.

மக்டலீன் முதலில் ஒரு விளையாட்டு வைத்தாள். மேசையில் இருபத்தாறு புத்தகங்கள். ஆளுக்கொன்றை எடுத்து, அதை நூலகத்திலிருந்து தூக்குவதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும்.

சமையல் புத்தகம் முதலில் போனது, பன்றி இறைச்சி இருக்கிறதாம். சைவச் சமையல் புத்தகம் அடுத்தது, பன்றி இறைச்சி இல்லையாம். உலக வரைபடத்தில் ஒருத்தியின் அப்பா பிறந்த ஊரைக் காணவில்லை. முயல் வளர்ப்புப் புத்தகத்தின் கடைசி அத்தியாயம் முயல் கறி வைப்பது எப்படி என்பது. கணக்குப் புத்தகம் மன உளைச்சல் தருகிறது என்று சொன்னபோது வகுப்பே கைதட்டியது.

கடைசியில் மிஞ்சியது பழைய ரி-பான நேர அட்டவணை ஒன்று.

"இதையும் தூக்க வேண்டும்," என்றான் ஸிவெர்ட். "இதில் இருப்பதெல்லாம் கற்பனை."

"குளிர்காலத்தில் ஒரு நிமிடம் அப்படி இப்படி ஆகும்! அதற்கு ஓட்டுநர் என்ன செய்வார்?" என்று பெற்றோர் பிரதிநிதி கதிரையை விட்டு எழும்பிவிட்டார். பிறகு எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு உட்கார்ந்தார்.

மேசை வெறுமையாகக் கிடந்தது. மக்டலீன் அதை உள்ளங்கையால் ஒருதரம் தடவினாள்.

"பார்த்தீர்களா? ஒரு நூலகத்தைக் காலி செய்யக் கெட்டவர்கள் தேவையில்லை. ஆளுக்கு ஒரு காரணம் இருந்தால் போதும்."

பிள்ளைகள் சிரிப்பை நிறுத்தினார்கள். எட்வேட் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

அடுத்து, கடிதத்தின் இரண்டு பக்கங்களும் திரையில் வந்து விழுந்தன, ஒவ்வொன்றும் ஒரு ஆள் உயரத்தில். இடது கையின் கோணல் எழுத்து சுவர் முழுக்க ஊர்ந்தது. அதன் மொழிபெயர்ப்பை எழுந்து நின்று வாசித்தவள் யார் தெரியுமா? கரோலினா. தகப்பன் எழுதியதை மகள் வாசிக்க, தகப்பன் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒன்று: இந்தப் புத்தகம் தகப்பனுக்குப் பொய் சொல்லப் பிள்ளைகளைப் பழக்குகிறது. இரண்டு: ரி-பான ஓட்டுதல் என்ற கண்ணியமான தொழிலை இழிவுபடுத்துகிறது. மூன்று: இறைச்சி தொடக் கூடாத தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் கதாநாயகி சொசேஜ் சாப்பிடுகிறாள்."

மூன்றாவதைக் கேட்டு வகுப்பே சிரித்து உருண்டது. எழுதும்போது அது எவ்வளவு பாரதூரமான குற்றமாகத் தெரிந்தது!

மக்டலீன் ஒரு படிவத்தைக் கொடுத்தாள். ஒரு புத்தகத்தைப் பற்றி முறைப்பாடு செய்கிறவர் பதில் சொல்ல வேண்டிய நான்கு கேள்விகள் அதில் இருந்தன. முழுவதும் வாசித்தீர்களா? உங்களைத் தொட்ட பக்கம் எது? புத்தகத்தை என்ன செய்ய வேண்டும்? உங்கள் பெயர் என்ன?

ஸிவெர்ட் கைதூக்கினான். "இவர் வாசித்து முடிக்கவில்லை. புரட்டிப் பார்த்தேன், சொசேஜ் வருவது நாற்பத்து மூன்றாம் பக்கத்தில். அதற்குப் பிறகு நடந்த எதைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. எனக்கும் எந்தப் புத்தகமும் நாற்பது பக்கம் தாண்டாது. ஆனால் நான் பேசாமல் இருக்கிறேன், கடிதம் எழுதுவதில்லை."

"பெற்றோர் பிரதிநிதி என்ன நினைக்கிறார்?" என்று கேட்டாள் மக்டலீன்.

எட்வேட் திரையைப் பார்க்காமல் சொன்னார்: "எழுதியவர் ஒரு நல்ல மனிதராகவும் இருக்கலாம்."

"பலர்னு போட்டிருக்கே அங்கிள்?" என்று பக்கத்திலிருந்த அக்ஷயா தமிழில் கிசுகிசுத்தாள்.

"ஓம் ஓம். நல்ல மனிதர்கள்."

அக்ஷயா எழுந்து திரைக்குக் கிட்டப் போனாள். முதல் பக்கத்தின் உச்சியில் விரலை வைத்தாள். "இதுக்குப் பேர் பிள்ளையார் சுழி. எங்க அப்பா புது நோட்டு வாங்கினா இதைப் போட்டுட்டுத்தான் தொடங்குவார். அப்போ எழுதினவர் இந்து." நெற்றியைச் சுருக்கினாள். "ஆனா ஒரு இந்துவுக்குத் தவக்காலத்து வெள்ளிக்கிழமை எதுக்கு?"

வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. பாடமாக இருந்தது துப்பறியும் கதையாகிவிட்டது. பிள்ளையார் சுழி எட்வேட்டின் தந்திரம்தான். தேடுகிறவர்கள் சைவப் பெற்றோர் பக்கம் தேடட்டும் என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக அதை வரைந்தார். நன்றாகத்தான் வந்திருந்தது.

"இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள்!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். "அதன் உச்சியில் வேறு ஏதோ இருக்கிறது."

இருந்தது. சின்னஞ்சிறு சிலுவை.

அது எட்வேட்டின் சிலுவை. சிறுவயதிலிருந்து அவர் எந்தத் தாளில் எழுதத் தொடங்கினாலும் உச்சியில் ஒரு சிலுவை போடாமல் தொடங்கியதில்லை. முதல் பக்கத்தில் கவனமாக இருந்தார். தாளைத் திருப்பியபோது பழக்கம் முந்திக்கொண்டது. அந்த ஆள் ஒரு பக்கத்தில் சைவராகவும் மறுபக்கத்தில் கிறிஸ்தவராகவும் இருந்து கடிதம் எழுதியிருந்தார்.

"அது எனக்குத் தெரியும்," என்று கரோலினா உற்சாகமாக எழுந்தாள். "கத்தோலிக்கர்கள் சிலர் எழுத முன்னம் போடுவார்கள். என் அப்பா கடைச்சிட்டைக்கு மேலேயும் போடுவார். வெங்காயம், உருளைக்கிழங்கு, அதற்கு மேலே ஒரு..."

நிறுத்தினாள்.

மெதுவாகத் திரும்பித் தகப்பனைப் பார்த்தாள். எட்வேட்டும் பார்த்தார். பதினான்கு வயசுப் பிள்ளையின் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் விளங்கிக்கொண்டு வருவதை அவர் கண்ணால் கண்டார். கதிரைக்குக் கீழே ஒரு கிடங்கு திறந்தால் குதித்துவிடலாம் போலிருந்தது.

"உன் அப்பாவா?" என்றான் ஸிவெர்ட்.

"சீ, இல்லை," என்றாள் கரோலினா. குரல் நடுங்கவில்லை. "என் அப்பா இப்படி எழுதமாட்டார். அவருக்குச் சொல்ல ஏதும் இருந்தால் பெயர் போட்டுத்தான் சொல்லுவார்."

அவர் மகள் பொய் சொன்னாள். புத்தகம் எதுவும் பழக்காமலே, இருபத்தாறு பேருக்கு முன்னால், தகப்பனைக் காப்பாற்றப் பொய் சொன்னாள். அந்தப் பொய்யில் இருந்த மனிதராகத் தான் இல்லையே என்பதுதான் எட்வேட்டுக்குத் தாங்க முடியாமல் போனது.

வாக்கெடுப்பு நடந்தது. புத்தகம் இருக்க வேண்டும் என்று எல்லாக் கைகளும் உயர்ந்தன. கடைசியாக எட்வேட்டின் கையும் உயர்ந்தது. பதற்றத்தில் இடது கையைத் தூக்கிவிட்டார். மக்டலீன் அந்தக் கையை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்ததுபோல் இருந்தது.

கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த றெக்டர் டோர்ஹில்ட் கைதட்டினார். மிக நல்ல மனுசி, ஒருவருக்கும் நோகக் கூடாது என்பதிலேயே பாதி ஆயுள் போயிருந்தது.

"அருமையான பயிற்சி! ஆனால் நிஜத்தில் 'பலர்' மனம் நொந்திருக்கிறார்கள். அவர்கள் யாரென்று தெரிந்து பேசும்வரைக்கும் புத்தகம் பின்னறையில் இருக்கட்டும். மூன்று மணிக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன்."

"அப்போ நாங்கள் வாக்குப் போட்டது?" என்றான் ஸிவெர்ட்.

"அது பயிற்சிதானே," என்றார் றெக்டர் அன்பாக.

ஸிவெர்ட் விறுவிறென்று போய்ப் புத்தகத்துக்கான காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதினான். அவனுக்கு முன்னால் இருபத்து மூன்று பேர் எழுதியிருந்தார்கள். கடிதம் வர முன்னம் அந்தப் பட்டியலில் ஒருவரும் இல்லை.

*

நடைபாதையில் கரோலினா தகப்பனை மடக்கினாள்.

"இடது கையாலையோ எழுதினீங்கள்?"

எட்வேட் தலையாட்டினார்.

"ஏன் அப்பா?"

"யோகராசா அண்ணை மாதா கோயில் மண்டபத்திலை எல்லாருக்கும் முன்னாலை சொன்னவர், 'எட்வேட், உம்மைப் பற்றிப் புத்தகம் வந்திருக்கு' எண்டு. எல்லாரும் சிரிச்சவை. எடுத்துப் பாத்தால் அந்தத் தேப்பன் குளிக்கிற அறைக்குள்ளை நிண்டு, 'சிறு தாமதம், பொறுத்தருளுங்கோ' எண்டு நோர்வேஜியத்திலை சொல்லிப் பழகுது."

"நீங்களும் அப்பிடித்தானே பழகுறனீங்கள்."

"எல்லா ஓட்டுநரும் அப்பிடித்தான் பழகுவினம் எண்டு நினைச்சன்." எட்வேட் சுவரில் சாய்ந்தார். "நீ வாசிச்சுப்போட்டு என்னைப் பாத்துச் சிரிப்பாய் எண்டு பயந்துபோனன் பிள்ளை. அவ்வளவுதான்."

கரோலினா பையைத் திறந்து 'கடைசிப் பெட்டி'யை எடுத்தாள். "நான் ரெண்டு தரம் வாசிச்சிட்டன். சிரிச்சனான்தான். ஆனால் மிச்சத்தை வாசியுங்கோ. மூண்டு மணிக்கு முன்னம் கொண்டு வரோணும்." புத்தகத்துக்குள் மக்டலீனின் படிவத்தையும் வைத்தாள்.

"அம்மாவுக்குச் சொல்லப் போறியோ?"

"நான் இண்டைக்கு உங்களுக்காக ஒரு பொய் சொல்லிப்போட்டன். இனி ஏலாது."

வகுப்புக்கு மணியடித்தது. அவள் திரும்பிப் பாராமல் போனாள்.

*

லீவு நாளில் ரி-பான ஓட்டுநர் எங்கே போவார்? ரி-பானவுக்குத்தான் போவார். மோர்டென்ஸ்ருட்டில் ஏறி, எந்தப் பெட்டி என்றுகூடப் பார்க்காமல் உட்கார்ந்து, நாற்பத்து நான்காம் பக்கத்தைத் திறந்தார்.

குறொன்லாண்ட் நிலையம் வந்தது, போனது. இறங்குகிறவர்களின் மரக்கறிப் பைகள் அவர் முழங்காலை உரசின. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏனென்றால் அந்த அப்பாவித் தகப்பன் அப்பாவி இல்லை! மகள் சொன்னது பொய்யென்று முதல் நாளே அந்த ஆளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அவளுடைய பைக்குள் இரண்டு சோடி கம்பளிக் காலுறையைச் சுருட்டி வைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல் கைகாட்டி அனுப்புகிறார். மலையில் குளிரில் நடுங்கும்போது மகள் பையைத் திறக்கிறாள், காலுறையைக் காண்கிறாள், அழுகிறாள்.

எட்வேட்டும் அழுதார். எதிரில் இருந்த பெண் பையைத் தன் மடிக்கு எடுத்துக்கொண்டாள்.

மறுமுனையில் ரயில் திரும்பியபோது அவர் நூற்று முப்பத்தோராம் பக்கத்தில் இருந்தார். அதில் ஒரு பழைய கதை வருகிறது. மகளுக்குப் பத்து வயது. முதல்முதலாகத் தனியாக ரி-பானவில் பாட்டு வகுப்புக்குப் போகிறாள். தகப்பனுக்கு மனம் கேட்கவில்லை. மகளுக்கு அடையாளம் தெரியாதிருக்க மனைவியின் குஞ்சம் வைத்த சிவப்புக் கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு, அதே ரயிலின் கடைசிப் பெட்டியில் ஏறிப் போகிறார். திரும்பும்போதும் அப்படியே. பிறகு பனியில் குறுக்கு வழியால் ஓடி, விழுந்தெழும்பி, மகள் வருவதற்குள் வீட்டுக்கு வந்து, சப்பாத்தோடு சோபாவில் படுத்து நித்திரை மாதிரிக் கிடக்கிறார்.

எட்வேட் புத்தகத்தை மடியில் வைத்தார்.

சிவப்புத் தொப்பி. குஞ்சம். சப்பாத்தோடு சோபா.

நான்கு வருடத்துக்கு முன்னம் நடந்தது. நடந்தது இவருக்கு! கரோலினாவுக்கு இன்றுவரை தெரியாது. யோகராசாவுக்குத் தெரியாது, பங்குத்தந்தைக்குக்கூடத் தெரியாது. உலகத்தில் ஒரேயொரு ஆளிடம்தான் அவர் அதைச் சொல்லியிருந்தார், அதுவும் முழங்காலுக்கு மருந்து போட்டுவிடும்போது.

மிச்சத்தையும் வாசித்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். நூற்று நாற்பத்தெட்டு.

அந்த நேரம் பார்த்து ரயில் ஸ்குல்லெருட் நிலையத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. பாதையில் ஓர் எல்க் மான் படுத்திருக்கிறதாம். "சிறு தாமதம், பொறுத்தருளுங்கள்," என்று ஓட்டுநரின் குரல் வந்தது. நன்றாகப் பழகாத குரல், இடையில் தடக்கியது. மணி இரண்டு இருபத்தைந்து. எட்வேட் பேனையை எடுத்தார். படிவத்தின் உச்சியில் சிலுவை போட்டார். வலது கையால், ஒளிக்காமல், நான்கு கேள்விக்கும் பதில் எழுதினார்.

*

மூன்றுக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது மூச்சு வாங்க நூலகத்துக்குள் ஓடி வந்தார். மக்டலீன் மேசைக்குப் பின்னால் நின்றாள். கரோலினா ஜன்னலடியில். றெக்டர் டோர்ஹில்ட் புத்தகத்தைக் கேட்டுக் கையை நீட்டியபடி நின்றார். எட்வேட் அந்தக் கையில் படிவத்தை வைத்தார்.

றெக்டர் சத்தமாக வாசித்தார்.

"முழுவதும் வாசித்தீர்களா? 'நாற்பத்து மூன்று பக்கத்தோடு நிறுத்திவிட்டுக் கடிதம் எழுதினேன். இன்றுதான் முடித்தேன்.' உங்களைத் தொட்ட பக்கம்? 'நூற்று முப்பத்தொன்று.' புத்தகத்தை என்ன செய்ய வேண்டும்? 'வெளியில் இருக்க வேண்டும். மனம் நொந்த பெற்றோர் பலர் என்பது நான் ஒருவன்தான். மன்னிக்கவும்.' பெயர்..."

"எட்வேட்," என்றார் எட்வேட். இவ்வளவு இலகுவான சொல் காலையில் ஏன் வரவில்லை என்று அவருக்கே விளங்கவில்லை.

றெக்டருக்கு முகம் சிவந்தது, பிறகு மலர்ந்தது. ஒரே ஆள்தான் என்றால் யோசிக்கவே வேண்டியதில்லையே! இரண்டு கையாலும் எட்வேட்டின் கையைக் குலுக்கினார். பின்னறைச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வெள்ளிக்கிழமைச் சந்தோசத்தோடு போனார்.

கரோலினா வந்து தகப்பனின் தோளில் தலையால் ஒரு முட்டு முட்டினாள். "அப்பா, இப்ப சிரிக்கலாமோ?"

"சிரி," என்றார். அவள் சிரித்துக்கொண்டே, காத்திருக்கிறவர்களுக்குச் செய்தி சொல்ல வெளியே ஓடினாள்.

நூலகத்தில் கணவனும் மனைவியும் மட்டும் நின்றார்கள்.

"வலது கையாலை எழுதினா உங்கடை எழுத்து வடிவுதான்," என்றாள் மக்டலீன்.

எட்வேட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உமக்கு எப்பவிருந்து தெரியும்?"

"கடிதத்தைப் பெட்டியிலை இருந்து எடுத்த அண்டைக்கே. பதினெட்டு வருசமா வெங்காயச் சிட்டைக்கு மேலை அந்தச் சிலுவையைப் பாக்கிறன்."

"தெரிஞ்சுகொண்டோ என்னைக் கொண்டுவந்து இருத்தினீர்?"

"உங்கடை வாயாலை வரட்டும் எண்டு பாத்தன். என்ரை கண்ணையும் கட்டலாம் எண்டு நினைச்சீங்களே, அதுதான் எனக்குக் கோவம். புருசன் பெண்சாதிக்கு உள்ளை என்ன ஒளிப்பு மறைப்பு?"

எட்வேட் மேசைக்குக் கிட்ட வந்தார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. 'கடைசிப் பெட்டி'யை அவள் முன்னால் வைத்து நூற்று முப்பத்தோராம் பக்கத்தைத் திறந்தார்.

"நல்ல கேள்வி. எனக்கும் ஒண்டு கிடக்கு. நீர் ரெண்டு குளிர்காலமா எழுதின அந்த ஆண்டறிக்கை எத்தினை பக்கம்?"

மக்டலீன் பக்கத்தில் காய்ந்து கிடந்த தேநீர்க் கோப்பையை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள்.

எட்வேட் மேசையிலிருந்து ஒரு வெற்றுப் படிவத்தை உருவினார். அதை அவள் பக்கம் தள்ளி, நான்காவது கேள்வியில் விரலை வைத்தார்.

உங்கள் பெயர் என்ன?

மக்டலீன் அவரைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். பிறகு பேனையை எடுத்தாள், இடது கையால்.